சூடுதான், வேறொன்றுமில்லை

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கிளினிக்கில் நான் நர்ஸ். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான். ஜூன் பிறந்துவிட்டால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே வியாதி: சூடு. தலைவலியா, சூடு. வாந்தியா, சூடு. பிரியாணியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரும் சூடு என்றுதான் சொல்வார். நம்மாட்கள் சூடு என்பார்கள், வடக்கத்தி ஆட்கள் கர்மி என்பார்கள், ஆபீசில் ஹீட் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் என் கணவர், "மேடத்துக்கு இன்னிக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்பது வெளியில் அடிக்கிற வெயிலை அல்ல.

உண்மையான சூடும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மண்ணை அச்சில் அழுத்தி, நீளமான கில்ன் ஒன்றின் வழியாக நகர்த்திச் சுடுகிறார்கள். சூளை என்று சொன்னால் செங்கல் சூளை நினைவுக்கு வரும். இது ஒரு ரயிலைப் போல நீளமானது. அதன் அருகில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேராவது கோடையில் தினமும் வந்துவிடுவார்கள். ஈரத்துண்டு, ஓஆர்எஸ், ஏசியில் படுக்கை. தெளிந்து எழுந்து போய்விடுவார்கள்.

கில்னின் வாய்ப்பக்கத்தில் சுட்ட டைல்ஸை இறக்கி அடுக்கும் வேலையில் கானா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். கை சிராய்ப்புக்கு மருந்து போட வந்து பழக்கம். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் சின்னவர், அதனால் முதலில் எரிச்சலாக இருந்தது. அவர்கள் ஊரில் நர்ஸை அப்படிக் கூப்பிடுவதுதான் மரியாதையாம். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே வருவதற்கு முன் ஊரில் கூலிக்குத் தங்கம் தோண்டியவர். கம்பெனி இல்லை, சுரங்கம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து குழி வெட்டுவார்கள். கல்லை மெஷினில் போட்டு அரைப்பார்கள், அந்தத் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போகும். பாதரசத்தைக் கலந்து அடுப்பில் வைத்துக் காய்ச்சுவார்கள். சமைக்கிற அடுப்பிலேயா என்று நான் அதட்டினேன். அது பக்கத்து அடுப்பு, ஆன்ட்டி, என்று சிரித்தார். ஒரு குழியில் தங்கம் தீர்ந்தால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை வெட்டுவார்களாம். மழையில் பழைய குழிகள் நிரம்பி, சாயங்காலம் கொசு புகையாகக் கிளம்புமாம். மூடினால் என்ன என்று கேட்டேன். மூடுவதற்கு யார் கூலி கொடுப்பார்கள் என்றார். குழந்தைகள் எத்தனை என்று கேட்டபோது மூன்று விரலைக் காட்டினார், பிறகு ஒன்றை மடக்கி இரண்டு என்றார். பெற்ற பிள்ளைகளை எண்ணத் தெரியாதா என்று கேலி செய்தேன். அதற்கும் சிரித்தார்.

மூன்று வருடம் கழித்து லீவு கிடைத்து ஊருக்குப் போனார். ஜூலையில் திரும்பி வந்தபோது எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொண்டுவந்தார். ஆள் பூரித்துப் போயிருந்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார். என்ன என்று கேட்டால், "ஹீட், ஆன்ட்டி" என்றார். இவருமா! ஜுரம் பார்த்தேன், இல்லை. ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு. ஓஆர்எஸ் கொடுத்துப் படுக்க வைத்தேன். மதியம் எழுந்து, சரியாகிவிட்டது என்று போய்விட்டார். நாளைக்கு டாக்டர் வருகிறார், வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினார். வரவில்லை.

டாக்டர் கிளம்பும் நேரமாகியும் ஆள் வராததால் நானே தேடிக்கொண்டு கில்ன் பக்கம் போனேன். ஃபோர்மேன் ராமநாதபுரத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் தன்னிடம் பதில் இருக்கிறது என்று நினைப்பவர். காலையிலிருந்து ஆள் சோர்வாக இருந்தார், நிழலில் போய் உட்காரச் சொன்னேன் என்றார் ஃபோர்மேன். நிழலில் இல்லை. ஏசி வைத்த ஓய்வறையிலும் இல்லை. சுற்றிக்கொண்டு கில்னின் பின்பக்கம் போனால், அங்கே ஒரு மரப் பலகையைப் போட்டு, கில்னின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். குளிர்காலத்துக்கு வாங்கிய ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை மாதம். நான் அந்தச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்றே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். சூடு தாக்கிய மனிதன் சூட்டைத் தேடி வந்து சாய்வானா? கிட்டே போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் கண் மஞ்சள். ஊரில் கொசு கடித்ததா என்று கேட்டேன். என்ன கேள்வி அது, அவர்கள் ஊரில் கடிக்காத நாள் ஏது.

"ஸ்மால் மலேரியா, ஆன்ட்டி" என்றார், ஏதோ திருடியதை ஒப்புக்கொள்வது போல.

முந்தாநாளே தெரியுமாம் அவருக்கு. ரூமில் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் சிரித்திருக்கிறார்கள், இந்தப் பாலைவனத்தில் கொசுவுக்கு எங்கே போவது என்று. மீதிப் பேர் பயந்துபோய், ஆப்பிரிக்கக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் கட்டிலைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள். விஷயம் ஆபீசுக்குப் போனால் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்கள் என்று வேறு யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆகவே என்னிடம் வரும்போது இந்த ஊரில் செல்லுபடியாகும் வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

ஃபோர்மேன் வந்து நின்றார். "இதுக்குப் போயி ஏன் சிஸ்டர் பதர்றீங்க? சூடு ஏறிருக்கு. மோரக் குடுத்துப் படுக்க வச்சா காலைல எந்திரிச்சிருவாப்ல. இங்க ஏது கொசு? மச்சர் மாஃபி, கொசுவே கெடையாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அண்ணே, கொசு இவர் ஊர்ல கடிச்சது. இப்ப ஆம்புலன்ஸக் கூப்பிடலன்னா, நாளைக்கு இவரப் பெட்டியில வச்சு அனுப்பற வேலைய நீங்கதான் பாக்கணும்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோர்மேன் மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்தார். அதோடு நிற்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையைத் தன் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டும் இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே அவருக்குப் பேச்சு குழறியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியாதான், அதிலும் உயிரைக் குடிக்கிற வகை. சின்ன வயதிலிருந்து கடி வாங்கி வாங்கி உடம்பு பழகியிருந்தது, மூன்று வருடம் இங்கே இருந்ததில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்றார் அந்த டாக்டர். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தனக்குப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது என்றும் சொன்னார். ஊசி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மூன்று நாள் ஐசியூவில் கிடந்தார். அந்த மூன்று நாளும் நான் தொழிற்சாலையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கட்டிலைத் தூக்கிப் போட்டவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, இது ஆளிடமிருந்து ஆளுக்கு மூச்சில் ஒட்டுகிற நோய் இல்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஆபீசில் போய் நின்று, இவர் விசாவைத் தொட மாட்டோம் என்று மேனேஜர் வாயால் சொல்ல வைத்தேன். இனிமேல் லீவு முடிந்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போக வேண்டும் என்றேன். என் எதிரில் யாராவது சூடு என்று சொன்னால் நடப்பதே வேறு என்றும் சொன்னேன். ஒரு வாரம் எல்லோரும் என்னைக் கண்டாலே வேறு பக்கமாக நடந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. இளைத்துப் போயிருந்தாலும் எழுந்து உட்கார்ந்து, போனைத் தலையணையில் சாய்த்து வைத்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் பேசியது எனக்குப் புரியவில்லை. நடுநடுவே ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. ஹீட். திரும்பத் திரும்ப, ஹீட், ஹீட்.

லைன் கட்டாகிப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவும் நடந்த பிறகு, விசாவுக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு, பெண்டாட்டியிடமாவது உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

அவர் கையில் குத்தியிருந்த ஊசியின் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினார்.

"அந்த வார்த்தைய அவகிட்ட சொல்ல முடியாது, ஆன்ட்டி. எங்க மூத்த பொண்ணு அதுலதான் போனா. வீட்டுக்குப் பின்னாடி இருந்த குழியில மழைத் தண்ணி நின்னுச்சு. அந்தக் குழிய வெட்டினது நான்."

மூன்று விரலைக் காட்டி ஒன்றை மடக்கியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவர் என்னிடம் நீட்டினார். நர்ஸ் ஆன்ட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம். ஒல்லியான முகம், தூங்காத கண். அவளுக்குப் பின்னால் கட்டிலுக்கு மேலே ஒரு நீலக் கொசுவலை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. வணக்கம் எல்லாம் சொல்லவில்லை அவள். நேரே இங்கிலீஷில் கேட்டாள்.

"சிஸ்டர், நெஜமா சூடுதானா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, சூடுதான்" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன்.