‘வருகிறேன்’ என்று அழுத்தியவர்கள்

எங்கள் இன்னிசைக் குழுவில் நான்தான் பெண்குரல். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பிளாக் பொங்கல் விழா என்று நெய்வேலியில் நான் பாடாத மேடை கிடையாது. கீபோர்ட் வாசித்தவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நகத்திடுக்கில் கரி போகாமலேயே வாசிக்க உட்கார்ந்துவிடுவார். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவர் சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று இருந்தது. மழை கொட்டி சுரங்கத்தில் வேலை நின்றுபோன ஒரு பகலில் கட்டியது. எந்த மேடையிலும் அதை வாசிக்க விட்டதில்லை. ஆரம்பித்தாலே போதும், இன்ன சினிமாப் பாட்டு வேண்டும் என்று கீழிருந்து சீட்டு வந்துவிடும். பிறகு ஊரெல்லாம் டிஜே வந்து, எங்களுக்கு மேடையே இல்லாமல் போயிற்று. அவர் ரிட்டயராக நான்கு மாதம் இருந்தது. ரிட்டயரானால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

“சொந்த ஊரு மேல்பட்டாம்பாக்கத்துக்கே போயிடுவேம்மா. அதுக்குள்ள ஒரு வாட்டி இந்தப் பாட்ட நாலு பேரு முன்னாடி முழுசா வாசிச்சிடணும். அது போதும் எனக்கு” என்றார்.

“நாலு பேரா? ஹால் நெறைய ஆள் கொண்டாரேன், பாருங்கண்ணா” என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

பெங்களூரில் இருந்த அவருடைய பெண் போனிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பேஸ்புக்கில் பக்கம் தொடங்கு, பாட்டை அரை நிமிடமாக வெட்டிப் போடு, முகம் தெரியட்டும், எழுதுகிறவர் எல்லோருக்கும் பதில் எழுது. முதலில் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிப் போட்டோம். உரிமை வேறொருவருடையது என்று சத்தத்தை எடுத்துவிட்டார்கள். தொட்டி மீன் மாதிரி நான் வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். அட, இதுவும் நல்லதுக்குத்தான் என்று அண்ணாவின் மெட்டுகளையே துண்டு துண்டாகப் போட ஆரம்பித்தோம். குவார்ட்டர்ஸ் பின்கட்டில், பலா மரத்தடியில் நாற்காலி போட்டு எடுப்போம்.

ஆள் சேர்ந்தது. ‘நாங்களும் எட்டாம் பிளாக்கில் இருந்தோம்’, ‘எங்கப்பாவும் மைன்ஸ்தான்’ என்று எழுதினார்கள். ஒருவர் விடாமல் பதில் போட்டேன். இரண்டு பேரோடு சண்டைகூடப் போட்டேன். அவர்கள்தான் இன்றுவரை விடாமல் பார்க்கிறார்கள்.

கம்யூனிட்டி ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி என்று பக்கத்தில் அறிவித்தோம். ‘வருகிறேன்’ என்ற பொத்தானை இருநூறு பேருக்கு மேல் அழுத்தியிருந்தார்கள். நாங்கள் செய்த முட்டாள்தனம், அதை அப்படியே நம்பியது. எங்கள் டவுன்ஷிப்பில் பத்திரிகை வைக்கப் போனால், கேட்டில் நின்று ‘வரேன்’ என்றவர் வந்துவிடுவார். அன்றைக்கு டூட்டி என்றால் ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது வருவார், இல்லையென்றால் வீட்டு ஆட்களை அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் ஒரு வீட்டுக்கும் நேரில் போகாமல், இரண்டு அண்டா சுண்டல் அவித்து, இருநூறு நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

வந்தது பதினான்கு பேர், வாட்ச்மேனையும் சேர்த்து.

நேரலைக்காக ஸ்டாண்டில் வைத்திருந்த போனைப் பார்த்தேன். ‘வருகிறேன்’ என்றவர்கள் எல்லாம் அதில்தான் இருந்தார்கள். சென்னையில், பெங்களூரில், துபாயில். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பங்கள். வர முடியாது என்று தெரிந்தே, ஆசைக்கு அழுத்தியிருக்கிறார்கள். அண்ணா வாசிக்கத் தொடங்கியதும் மளமளவென்று எழுத ஆரம்பித்தார்கள். போனை வெளியே திருப்புங்கள். அந்த வேப்பமரம் இருக்கிறதா? பஸ் ஸ்டாப்பைக் காட்டுங்கள்.

அதை நான் படித்துச் சொன்னதும் அண்ணாவின் கை நின்றுவிட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

“வுடும்மா. மூடிட்டு வூட்டுக்குப் போலாம்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“வரேன்னு அழுத்துனீங்களே, இங்க ரெண்டு அண்டா சுண்டல் ஆறிக்கினு கெடக்கு! மரம் எங்கியும் போவல. இந்த மனுசன்தான் போறாரு, அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ காலி பண்ணிக்கினு. உங்களுக்கு ஊரு வேணும், ஊர்ல இருக்கிற ஆளு வேணாமா? அஞ்சு நிமிசம் வாய மூடிக்கினு கேளுங்க!”

எழுத்து ஓடுவது நின்றது. ‘மன்னிச்சிடுங்கக்கா’ என்று ஒரே ஒரு வரி வந்தது. “வாசிங்கண்ணா” என்றேன். வாசித்தார். நான் பாடினேன். பதினான்கு பேரும் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சீட்டும் வராமல், அந்தப் பாட்டு முழுசாக முடிந்தது.

பெருமூச்சு விட்டு எழப்போனவரைக் கையமர்த்தினேன். போனில் வரி மேல் வரியாக வந்துகொண்டிருந்தது.

“இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்றாங்கண்ணா.”

“எந்தப் பாட்ட?”

“இதே பாட்டத்தான்.”

“சினிமாப் பாட்டா இருக்கும். நல்லா பாரும்மா.”

போனை அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என்னால்தான் முதல் வரியை எடுக்க முடியவில்லை. நான் பாடத் தயாராகும் வரைக்கும், அவர் அவசரமே இல்லாமல், முன்னிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார்.