மாப்பிள்ளைக்கு வாய்த்த கியர் வண்டி

“நடுநிலையானவர். தாம் மதிப்பிடும் வாகனத்தில் சொந்த ஆதாயம் எதுவும் இல்லாதவர்.” வாகன மதிப்பீட்டாளரின் உரிமச் சான்றிதழ் அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. ஊரார் வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. பதினெட்டு வருடத்தில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அப்பா இறந்தபோது அவருக்கும் தங்கைக்குமாக விட்டுப்போனவை இரண்டு பழைய கார்கள். ஒன்று, பின்சக்கரத்தால் ஓடும் கியர் வண்டி. அதன் கிளட்ச் கல் மாதிரி இருக்கும். மற்றது முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக். கிளட்ச்சே கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. தங்கையின் கணவருக்கோ பக்கவாதத்தில் இடது கால் விழுந்து ஏழு மாதம். இந்த மாதத்துக்குள் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தால் பழைய விற்பனை வேலை உண்டு என்று முதலாளி கெடு வைத்திருந்தார். எந்தக் கார் யாருக்கு என்பதைக் கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால்தான் ஒரு நிபுணர் தேவைப்பட்டார்.

நிபுணருக்கு இரண்டு காலும் கல்லுக்குண்டு. ஆனால் நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அலுத்துப்போயிருந்தது.

ஷெட்டில் ஆட்டோமேட்டிக்கை ஓடவிட்டு, சூடான பிறகு, கியர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். ஆயில் இளஞ்சிவப்பாக, பளிச்சென்று இருந்தது. இவ்வளவு பழைய வண்டியில் இத்தனை நல்ல கியர்பாக்ஸை அவர் பார்த்ததே இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“மாப்பிள்ளை, மோந்து பாருங்க.”

ஊன்றுகோலோடு மாப்பிள்ளை குனிந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான்.”

“கருகின வாடை வரல? நல்லா இழுங்க.”

மறுபடி மூக்கை வைத்தார். பதினெட்டு வருட அனுபவத்தை ஒரு மூக்கு எப்படி மறுக்கும்? “ஆமா... லேசா வருது.”

“அண்ணா, அவரால கிளட்ச் மிதிக்க முடியாதே?” என்றாள் தங்கை.

“மிதிக்க மிதிக்கத்தான் கால் வழிக்கு வரும். இது கியர்பாக்ஸ் போற வண்டி. நடுரோட்டுல நின்னா இந்தக் காலோட இறங்கித் தள்ளுவாரா? சனியன், என் தலையில கிடக்கட்டும்.”

“எங்களுக்காக உனக்கு எதுக்குண்ணா இந்தத் தொல்லை?” தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. மதிப்பீட்டாளர் பெருந்தன்மையோடு கையசைத்தார்.

மாப்பிள்ளை கியர் வண்டியில் ஏறி, இடது காலை இரு கையாலும் தூக்கிக் கிளட்ச்சின்மேல் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. சாவியைத் திருப்பினார். கியரில் கிடந்த வண்டி ஒரு துள்ளு துள்ளி, சுவரில் முட்டி நின்றது.

“பழகிடும்,” என்றார் மச்சான்.

பழகவில்லை. கெடு முடிந்து, வேலை வேறொருவனுக்குப் போயிற்று. மதிப்பீட்டாளர் ஆட்டோமேட்டிக்கின் கியர்பாக்ஸ் பழுது என்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தக் காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஒன்பது வருடம் ஓட்டினார்.