சிவப்புக் காருக்குப் பின்னால்

கட்டாரில் வேலை செய்யும் இன்பாஸ், பெண்சாதி றிஸ்லாவோடு கதைத்து நாலு மாதமாகிறது. அவள் அழைப்பெடுத்தால் போனை வெட்டிவிடுவான். ஆனால் பொம்மைக் கார்கள் ஓடி ஒன்றையொன்று சுடும் ஒன்லைன் கேமுக்கு மட்டும் தினமும் வருவான். அவளும் ஆம்பிளைப் பெயரில் புகுந்து, சுடாமல் அவனுடைய சிவப்புக் காருக்குப் பின்னாலேயே ஓடினாள்.

"என்னடா, சுடத் தெரியாதா? பயந்தாங்கொள்ளி!" என்று ஆளறியாமல் கேமிலேயே எழுதினான்.

அந்த ஏச்சே அவளுக்கு நெஞ்சை நிறைத்தது.

அந்நேரம் கல்முனையில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கை தன்னால் முக்காட்டை இழுக்கப் போக, அவளுடைய கார் நடுப்பாதையில் நின்றது. வீட்டில் சேர்ந்து விளையாடிய காலத்திலும் பாங்கு கேட்டதும் இப்படி நிறுத்தித்தான் அவனிடம் கேலி வாங்குவாள்.

சிவப்புக் காரும் நின்றது. "றிஸ்லாவா?"

"ஓம். என்ன பிழை செஞ்சன் எண்டாவது சொல்லுங்க."

கார் மறைந்தது. தொழ எழும்பாமல் அவன் பெயரைத் தேடிக்கொண்டேயிருந்தாள். கேமிலும் அவளை புளொக் பண்ணிவிட்டிருந்தான்.