பாதித் தாளில் வெட்டிய கோடுகள்

தா.பழூர் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வரைபடத் தேர்வைத் திருத்த எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. நான் வரைந்த மாதிரித் தாளை மாணவியின் தாள்மேல் வைத்து, ஜெயங்கொண்டம் பஸ்ஸின் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கோடுகள் பொருந்தினால் ஐந்து மதிப்பெண், விலகினால் பூஜ்யம்.

பூஜ்யம் வாங்கிய கவிதா ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், ரெண்டு கோடும் நாலு கமா ரெண்டுலதான் வெட்டுது. சமன்பாட்டுல போட்டும் பாத்துட்டேன், சரியா வருது."

இரண்டு எண்களைக் கூட்டினால் ஆறு, கழித்தால் இரண்டு என்பதுதான் கேள்வி. விடை சரி. ஆனால் அவள் கோடுகள் என் கோடுகளோடு ஒட்டவே இல்லை. இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

"கிராஃப் ஷீட் ஒண்ணுதான் மிஸ் இருந்துச்சு. பாதியக் கிழிச்சுப் பக்கத்துல உக்காந்திருந்த தேன்மொழிக்குக் குடுத்துட்டேன். இடம் பத்தல, அதான் ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு அலகுன்னு எடுத்துக்கிட்டோம்."

தாளின் மூலையில் அந்த அளவுத்திட்டத்தைத் தெளிவாக எழுதியும் இருந்தாள். நான்தான் படிக்கவில்லை; என் மாதிரித் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு.

அவள் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டு, தேன்மொழியைக் கூப்பிட்டு அவள் தாளைக் கேட்டேன். அவள் தயங்கியபடி நீட்டினாள். தன் கோடுகளை ரப்பரால் அழித்து, வேறு யாரையோ பார்த்து மாற்றி வரைந்திருந்தாள்.

"ஏம்மா அழிச்ச?"

"நீங்க தப்புன்னு போட்டீங்களே மிஸ்."

அழித்த தடத்தில் இரண்டு கோடுகளும் அதே நாலு கமா இரண்டில்தான் வெட்டின. அந்த அழித்த கோடுகளுக்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். கவிதா தன் கணக்கை நம்பியிருந்தாள். தேன்மொழி என்னை நம்பியிருந்தாள்.