கையைப் பார்த்துப் பாடுகிறவள்

கிதார் எனக்கே பிந்தி வந்தது. விரல் கம்பியைத் தட்டிவிட்டது. ஓசை மட்டும் கம்ப்யூட்டருக்குள் எங்கோ சுற்றிவிட்டு ஹெட்போனுக்குள் வந்து நின்றது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் ஒரு பாட்டைக் கெடுக்க அது போதும்.

அன்று கெடுத்துத் திருத்த நேரமில்லை. அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸேறி ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் மதுரையில் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்கால மதுரை பஸ்ஸுக்குள், சர்ச்சில் பாடுகிற ஒரு கீர்த்தனையையாவது பதிந்துவிட வேண்டும்.

"தொண்டை தாங்குற வரைக்கும்தான்லே பாடுவேன். பொறவு கெஞ்சக் கூடாது," என்றாள்.

மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். சாத்திய ஜன்னலுக்கு வெளியே நாய் ஒன்று விடாமல் குரைத்தது. வியர்வையில் கிதார் நெஞ்சோடு ஒட்டியது. என்னால் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

முதல் சரணத்திலேயே நிறுத்தினேன். "அக்கா, நீ முந்துத."

"நீதான் தாளத்தை இழுக்க."

"ஹெட்போன்ல கேக்குதுல்லா?"

"அதை எவன் கேட்டான்?" ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டிருந்தாள்.

நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேன். பஃபர் என்கிற அளவைக் குறைத்தால் ஓசை சீக்கிரம் வரும் என்பது தெரியும். குறைத்தேன். சீக்கிரம்தான் வந்தது, கூடவே கடலை வறுக்கிற மாதிரி பொரிந்தது. பழைய கம்ப்யூட்டர், அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது. மறுபடி கூட்டினேன். கிதாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டியில், கிதாரை நேராகக் காதுக்கு அனுப்புகிற திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பினேன். இப்போது இரண்டு கிதார்கள். ஒன்று என் கையோடு, ஒன்று அதன் பின்னால் நொண்டிக்கொண்டு.

அக்கா வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் அவள் குரலில் ஒரு நூல் அறுந்துகொண்டிருந்தது. அது என் காதில்தான் விழுந்தது.

"எம்புட்டு நேரம்லே? நான் சாகுறதுக்குள்ள முடியுமா?"

"அப்படிப் பேசாத."

"சரி, பஸ்ஸுக்குள்ளயாவது முடியுமா?"

அதுவரை பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். அவள் முந்தவே இல்லை. என் கை விழுந்த இடத்தில்தான் அவள் சொல்லும் விழுந்திருந்தது. பிந்தி வந்த ஓசைக்காகக் காத்துக் காத்து, வரிக்கு வரி தளர்ந்துபோனது நான்.

அப்போதுதான் உறைத்தது. அக்கா பாடுகிற, நான் வாசிக்கிற எங்கள் சர்ச்சில் ஸ்பீக்கர் வாசல் பக்கம் இருக்கிறது. பாட்டு பின்சுவரில் மோதி, பாடகர் குழுவுக்குப் பிந்தித்தான் திரும்பும். அதைக் கேட்டுப் பாடினால் ஆராதனை முடிய மத்தியானம் ஆகிவிடும். அதனால் அங்கே யாரும் கிதாரைக் கேட்பதில்லை. வாசிக்கிறவனின் வலது கையைப் பார்ப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தக் கை என்னுடையது. எனக்கு மட்டும் பார்க்க எதுவுமில்லை.

"என்னலே, கல்லு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. செத்த இரு."

பதிகிற மென்பொருளில் கிதாரைத் திருப்பிக் கேட்கவைக்கும் பொத்தான் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். நொண்டிக் கிதார் செத்தது. எதிரொலி, பூச்சு எதுவுமில்லாத வெறும் கம்பி, விரலோடு வந்தது.

அக்கா பாடினாள். கடைசிச் சரணத்தில் குரல் ஓரிடத்தில் கம்மியது, நிறுத்தவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை..." என்று வாயெடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில், மதுரையில், கழுத்தில் கட்டோடு படுத்திருந்தவளுக்கு அந்தப் பாட்டை என் போனில் போட்டேன். மெதுவாகப் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் இன்னும் பேசவில்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டில் கம்பியில் தாளம் தட்டினேன். அவள் போனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்தேன்.

குரல் இல்லை, வெறும் காற்று.

"இழுக்காதலே."