நூல் துணி உறை

என் மனைவி சோபாவுக்குத் தைத்த உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டவன் நான். சிவகாசியில் பழைய சாமான் கடையில் வாங்கிய சோபா அது. தன் நூல் சேலைகளை வெட்டி அவள் உறை தைத்திருந்தாள். மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் வருகிறார்கள் என்று நான் பளபளப்பான நைலான் உறையை மாட்டினேன்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். நைலான் உரசினால் பொறி வரும் என்பதால் அங்கே நூல் துணிதான் உடுத்துவார்கள். அந்தப் பயம் வீட்டிலும் விடவில்லை. வந்தவர்கள் முன்னால் அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஓய்வு பெற்றபின் என் வேட்டிகளை வெட்டி நானே உறை தைத்தேன். கைப்பிடிப் பக்கம் கோணலாகிவிட்டது. அடுத்த முறை வந்த சம்பந்தியம்மாள், "இது யாரு தச்சது?" என்று சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரகதான். கோணலா இருந்தா என்ன, அம்புட்டும் நூலு. உக்காருங்க மதினி" என்று சொல்லி, என் மனைவி நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.