பசியெடுக்காத பீமன்

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும், ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன ஊருக்கு எல்லப்பன் ஞாபகம் வந்துவிடும். மற்ற மாதங்களில் வராது. வந்துவிடக் கூடாது என்பதில் ஊரே கவனமாக இருந்தது. காரணம், எல்லப்பன் சாப்பிடுவான். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகும். சோற்றுக் கூடையோடு வருகிறவன் அவன் இலையை மட்டும் தாண்டி அடுத்த இலைக்குப் போவான். அதனால் அவனை விசேஷத்துக்கு அழைப்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். சேர்ந்து மறந்தார்கள், ஒருத்தர்கூடத் தப்பித்தவறி நினைத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் மட்டும் கதை வேறு. திரௌபதையம்மன் கோயில் திருவிழாவில் பகாசுரன் வதம் என்று ஒரு நாள் உண்டு. அரக்கனுக்குக் கொண்டுபோகிற வண்டிச் சோற்றை வழியிலேயே பீமன் தின்று தீர்க்கிறானே, அந்தக் கட்டம். வேறு இடத்தில் அதைப் பாடிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் நிஜமாகவே தின்றாக வேண்டும். மாட்டுவண்டியில் பாய் விரித்து, வாழையிலை பரப்பி, சோற்றைக் குவித்து, பக்கத்தில் பீமன் வேஷக்காரனை உட்காரவைத்து ஊரின் ஏழு தெருவிலும் ஓட்டிப்போவார்கள். வீட்டுக்கு வீடு வடை, கொழுக்கட்டை, பூசணிக்காய்க் குழம்பு, மாங்காய்ப் பச்சடி என்று வண்டியில் ஏறும். பீமன் எந்த வீட்டுப் பண்டத்தை ஆசையாகத் தின்கிறானோ அந்த வீட்டில் அந்த வருஷம் நெல் கொட்டும் என்று நம்பிக்கை. இருபது வயதிலிருந்து அந்த வேஷம் எல்லப்பனுக்குத்தான்.

அடேயப்பா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவன் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்! படப்பையிலிருந்தும் தண்டலத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பொரிகடலை விற்கிறவனும் வளையல் விற்கிறவளும் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டி பின்னால் ஓடினார்கள். எல்லப்பன் கதாயுதத்தை மடியில் போட்டுக்கொண்டு, அள்ளி அள்ளி, கண்ணை மூடி, விரலிடுக்கில் நின்ற பருக்கையையும் விடாமல் நக்கித் தின்பான். "துன்னு எல்லப்பா, இன்னும் துன்னு!" என்று கூட்டம் கத்தும். வருஷம் பூராவும் ஏற்றம் மிதித்துவிட்டு, காலையில் கேழ்வரகுக் கூழும் ராத்திரியில் கிடைத்தால் சோறும் என்று கிடந்தவனுக்கு, இன்னும் சாப்பிடு என்று இந்த உலகம் சொன்ன ஒரே நாள் அது. அதை அவன் பெண்டாட்டி தாயாரம்மாளைவிட நேசித்தான். அவளுக்கும் அது தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மகன் தசரதனுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஷிப்ட், ஓ.டி. என்று பையன் சம்பாதித்தான். தாயாரம்மாள் மூன்று வேளையும் உலை வைத்தாள். எல்லப்பன் ஏற்றத்தை விட்டு இறங்கி, தொந்தியும் தொப்பையுமாகத் தெருவில் நடந்தான். நல்லதுதானே? ஊருக்கு அது நல்லதாகப் படவில்லை. அந்தச் சித்திரையில் மூன்றாவது தெரு முனையிலேயே பீமன் ஏப்பம் விட்டுவிட்டான்.

"போதும்ப்பா," என்றான் எல்லப்பன்.

பீமன் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையா அது?

மறுநாள் முதல் டீக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. யூரியா போட்டு விளைந்த அரிசி, அது எப்படித் தொண்டையில் இறங்கும் என்றார் ஒருவர். பம்புசெட் தண்ணீரில் ருசி ஏது என்றார் இன்னொருவர். மெஷினில் அரைத்த உளுந்து, ரேஷன் எண்ணெய், கலப்பட மிளகாய்ப்பொடி என்று ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துவந்தார்கள். "அந்தக் காலத்து வடைக்கு ஒரு வாசனை இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லிக் கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் காலத்திலும் வடையைச் சுட்டவர்கள் இதே பெண்கள்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. மனுஷன் தினமும் சாப்பிடுகிறான், அதனால் பசிக்கவில்லை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், சொல்லியிருக்கக் கூடாதா? ஊஹூம்.

கோயில் தர்மகர்த்தா முனிரத்தினம் வீடு தேடி வந்தார். முன்பெல்லாம் எல்லப்பன் வீட்டுப் பக்கம் அவர் செருப்புக்கூட வந்ததில்லை.

"இன்னா எல்லப்பா, ஊர் மானத்த வாங்கிட்டியே. அடுத்த வருசமும் இப்பிடியே போதும்னு சொன்னேன்னு வையி, வேற ஆளத்தான் பாக்கணும்."

எல்லப்பனுக்கு வயிற்றில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பசித் தீயாக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அடுத்த சித்திரைக்கு முன்னால், பசியை எப்படியாவது கூட்டிவந்துவிடுவது என்று பட்டினி கிடக்க ஆரம்பித்தான். தாயாரம்மாள் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், அவன் நகர்த்திவிடுவான். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி முற்றத்தில் அடித்தாள்.

"இன்னாய்யா நெனச்சிக்கினு கீற? உன் வயித்த ரொப்பத்தான் என் புள்ள ராவும் பகலும் மெஷின்ல நிக்கிறான். நீ என்னாடான்னா அந்தப் பாழாப்போன பசிக்கு வெத்தல பாக்கு வச்சி கூப்புடுற! அது நம்ம வூட்ல இருந்தப்ப இவனுங்கள்ல எவனாச்சும் எட்டிப் பாத்தானா?"

ஆனாலும் எல்லப்பன் பிடிவாதமாகப் பட்டினி கிடந்துதான் வண்டி ஏறினான். காய்ந்த வயிறு நாலு கவளத்திலேயே புரட்டியது. இரண்டாவது தெருவில், தர்மகர்த்தா வீட்டு வாசலில், அவர் வீட்டுக் கொழுக்கட்டை மேலேயே வாந்தியெடுத்தான். அதோடு வேஷம் போயிற்று.

அடுத்த வருஷம் முனிரத்தினம் புது பீமனைப் பிடித்துவந்தார். ராஜாமணி என்று பேர். தார் ரோடு போடுவதற்குக் கல் உடைக்க, செங்கம் பக்கத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சாலையோரம் சாக்குக் கூடாரத்தில் இருந்தவன். நெஞ்செலும்பை எண்ணிவிடலாம். அதன்மேல் வைக்கோலைத் திணித்து, கவசம் கட்டி, மீசை வரைந்து உட்காரவைத்தார்கள்.

எல்லப்பன் கூட்டத்தோடு நின்றான். முதலில் அவனுக்குப் பொறாமைதான். இவன் எத்தனை தெரு தாங்குவான் பார்த்துவிடலாம் என்று கறுவிக்கொண்டே நடந்தான். ராஜாமணி ஏழு தெருவும் தாங்கினான். அள்ளி அள்ளி, கண்ணை மூடித் தின்றான். ஒரு கையால் தின்னும்போது இன்னொரு கையைக் கீழே ஏந்திச் சிந்துகிற பருக்கையைப் பிடித்தான். யாரும் பார்க்காதபோது இரண்டு வடையை வைக்கோலுக்குள் செருகினான், பிள்ளைகளுக்கு.

"பழைய எல்லப்பனேதான்!" என்று கிழவர்கள் ஆனந்தப்பட்டார்கள். "அந்தக் காலம் திரும்பி வந்துட்ச்சுப்பா!" யூரியா அரிசி ருசித்தது. ரேஷன் எண்ணெய் மணத்தது. முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜநடை நடந்தார்.

எல்லப்பன் மட்டும் ஆனந்தப்படவில்லை. தான் இத்தனை வருஷம் அந்த வண்டிமேல் எப்படி இருந்தோம் என்பதை இன்றைக்குத்தான் தரையில் நின்று பார்க்கிறான். கைதட்டல் காதில் விழ விழ அவமானமாக இருந்தது, ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. வண்டி கோயிலில் நின்றதும் ராஜாமணியிடம் போனான்.

"கடசியா எப்ப நைனா சோறு துன்ன?"

ராஜாமணி யோசித்துப் பார்த்தான். "சோறாண்ணா? ஞாபகம் இல்லண்ணா."

எல்லப்பன் அவனையும் அவன் குடும்பத்தையும் வீட்டுக்குக் கூட்டிப்போனான். தாயாரம்மாள் பெரிய பானையை இறக்கிக் கழுவினாள். அன்றைக்கு மட்டுமில்லை. ரோடு வேலை அந்தப் பக்கம் நடந்தவரைக்கும், பொழுது சாய்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு அங்கேதான் சாப்பாடு. "ஓ.டி. பாக்கிறேன் நைனா, பரவால்ல" என்றான் தசரதன். வைக்கோல் இல்லாமலே ராஜாமணிக்கு மார்பு எழும்பியது.

மறு சித்திரை வந்தது. படப்பை, தண்டலம் ஜனமெல்லாம் திரண்டது. நாலாவது தெருவில் ராஜாமணி கையைக் கழுவிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, "போதும்ண்ணா" என்றான்.

முனிரத்தினம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எல்லப்பனிடம் வந்தார். மேல்துண்டு எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"அடப் பாவி! நல்லாப் பட்டினி கெடந்த ஆளாப் பாத்து, அலஞ்சி திரிஞ்சி புட்ச்சாந்தேன். தெனம் சோத்தப் போட்டுக் கெடுத்துட்டியே! இப்ப பீமனுக்கு நான் எங்க போவேன்?"

"வேற ஆளப் பாருங்க ஐயா," என்றான் எல்லப்பன். "எங்க வூட்ல இன்னும் எடம் கீது."